பழைய டிராக்டருக்குப் புதுக் குதிரைகள்: எச்.பி. கூட்டின கதை

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் முதல் சின்னமனூர் வரை, எந்த ஊரிலும் வேப்பமரத்தடியில் ஒரு பழைய சிவப்பு டிராக்டராவது நிற்கும். கொஞ்சம் உழும், கொஞ்சம் புகையும், பெரும்பாலும் நிற்கும். அதன் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கலாம் என்று ஒருவர் முடிவு எடுத்தவுடன் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். "பிரிச்சதே பிரிச்சாச்சு, அப்படியே எச்.பி.யைக் கொஞ்சம் கூட்டிடலாமா?"

நியாயமான கேள்விதான். இதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் இதை வைத்துத் தொழிற்சாலையே நடத்தினார்கள். நம்மூர் டிராக்டரைச் செய்த கம்பெனிகளும் ஒரே எஞ்சினிலிருந்து திரும்பத் திரும்ப அதிகக் குதிரைகளை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் செய்தார்கள், நம் பட்டறையில் அது எந்த அளவுக்குச் சாத்தியம், அந்தப் பணம் திரும்ப வருமா என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில், குதிரை என்றால் என்ன?

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்க வேண்டியிருந்தது. வாங்குபவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் குதிரை கட்டி வேலை செய்தவர்கள். "எத்தனை குதிரைக்குச் சமம்?" என்றுதான் கேட்பார்கள். அதனால் நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை என்பதை ஒரு குதிரைத்திறன் என்று வைத்தார். இன்றைய கணக்கில் சுமார் 746 வாட். ஆக, எச்.பி. என்பது பிறந்ததே ஒரு விற்பனை எண்ணாகத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நம் ஊர்க் கணக்கில் நன்றாக உழும் ஒரு ஜோடி மாடு நாள் முழுக்கத் தரும் சக்தி ஏறக்குறைய ஒரு எச்.பி. 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் கிழக்கே திரும்பியபோது, பள்ளத்தாக்கின் வயல்களைத் தொளி கலக்கியது அந்த ஒரு எச்.பி.தான். பென்னிகுவிக் தண்ணீரைக் கொண்டுவந்தார், இருபோகம் வந்தது. ஆனால் இருபோகம் என்றால் ஒரு போகம் அறுத்த கையோடு அடுத்த நாற்று நட வேண்டும். இடையில் இருக்கும் சில வாரங்களுக்குள் எல்லோர் வயலும் உழுதாக வேண்டும். டிராக்டர் இங்கே ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது என்பதற்கு இந்த அவசரம்தான் பெரிய காரணமாக எனக்குத் தோன்றுகிறது.

எச்.பி.யில் பொய் சொன்னதால் வந்த சட்டம்

1910களில் அமெரிக்காவில் டிராக்டர் கம்பெனிகள் மழைக்காளான் போல முளைத்தன. மினியாபோலிஸில் ஒரு கம்பெனி "ஃபோர்டு" என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, "ஃபோர்டு டிராக்டர்" என்று விற்றது. கார் செய்த ஹென்றி ஃபோர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மாட் குரோசியர் என்ற விவசாயி அதை வாங்கி நொந்துபோனார். அவர் சும்மா இருக்கவில்லை. சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் போய், 1919ல் ஒரு சட்டமே கொண்டுவரக் காரணமானார். நெப்ராஸ்காவில் டிராக்டர் விற்க வேண்டுமானால், பல்கலைக்கழகம் சோதித்து, சொன்ன சக்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1920ல் முதல் சோதனைக்கு வந்தது வாட்டர்லூ பாய் என்ற டிராக்டர். இந்தச் சோதனைகள் உலகம் முழுக்க அளவுகோலாகிவிட்டன. நம் நாட்டில் அதே மாதிரி வேலையை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955ல் தொடங்கிய மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் செய்கிறது.

அந்தக் காலத்து டிராக்டர் பெயர்களே "15-30" என்ற மாதிரி இரண்டு எண்ணாக இருக்கும். முதல் எண் கொக்கியில் இழுக்கும் சக்தி, இரண்டாவது பெல்ட்டில் கிடைக்கும் சக்தி. பாருங்கள், பாதிதான் நிலத்துக்கு வந்து சேர்கிறது! இன்றைய விளம்பரத்தில் எஞ்சின் எச்.பி. ஒன்றுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த விஷயத்தில் பழையவர்கள் நேர்மையானவர்கள்.

சிவப்பு டிராக்டர் செம்பியத்துக்கு வந்த வழி

விடுதலைக்குப் பின் இந்தியாவில் டிராக்டர் என்றால் இறக்குமதிதான். வட இந்தியாவில் காஸ் புல் மண்டிய நிலத்தைத் திருத்த டிராக்டர் வாங்குவதற்காக 1949ல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. இந்தியா உலக வங்கியிடம் வாங்கிய முதல் கடன்களில் அதுவும் ஒன்று. 1959ல் ஃபரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் வந்தது. 1960ல் சென்னையில் அமால்கமேஷன்ஸ் குழுமம், மாஸ்ஸி ஃபெர்குசனோடு சேர்ந்து டாஃபே கம்பெனியைத் தொடங்கியது. 1961-62ல் நாடு முழுக்கச் செய்த டிராக்டர் மொத்தம் 880. 2024-25ல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் விற்றது.

880 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். பசுமைப் புரட்சி வந்தபோது கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில், வண்டி நூற்றுக்கணக்கில். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். புது டிராக்டர் கிடைக்காத காலத்தில் பழையதைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? எஞ்சினைப் பிரித்து மீண்டும் கட்டும் கலை நம்மூரில் வேர்விட்டது அந்தத் தட்டுப்பாட்டில்தான். லேத் பட்டறை, கிராங்க் கிரைண்டிங் கடை, டீசல் பம்ப் கடை என்று தேனியில் இன்று பார்க்கிற தொழில்கள் எல்லாம் அந்த மரத்தின் கிளைகள்.

அந்தச் சிவப்பு டிராக்டரின் வம்சத்தையும் பார்த்துவிடலாம். ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் உருவாக்கிய டி.இ.20 என்ற சாம்பல் நிற டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஃபெர்குசனின் மூளை எஞ்சினில் இல்லை, பின்பக்கம் இருந்தது. மூன்று புள்ளியில் கலப்பையை மாட்டி, கலப்பை மண்ணில் இழுபடும் பாரத்தையே பின்சக்கரத்தின் மேல் எடையாக மாற்றினார். சின்ன எஞ்சின், லேசான வண்டி, ஆனால் பெரிய டிராக்டர் செய்கிற வேலை. ஒரு குதிரைகூடக் கூட்டாமல், இருக்கிற குதிரையை ஒழுங்காகப் பூட்டினார் என்று சொல்லலாம். இன்று உலகத்தில் ஏறக்குறைய எல்லா டிராக்டரிலும் அதுதான் இருக்கிறது.

1953ல் அவர் கம்பெனி மாஸ்ஸி-ஹாரிஸோடு இணைந்தது. 1958ல் பெயர் மாஸ்ஸி ஃபெர்குசன் ஆனது. அடுத்த வருஷமே பீட்டர்பரோவில் இருந்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் கம்பெனியையும் வாங்கிவிட்டார்கள். பெர்க்கின்ஸின் மூன்று சிலிண்டர், 152 கன அங்குல எஞ்சின் எம்.எஃப்.35 டிராக்டரில் ஏறியது. நம் பக்கம், 1840ல் மதராஸில் குதிரைவண்டி கட்ட ஆரம்பித்த சிம்ப்சன் கம்பெனி, 1950களிலிருந்து பெர்க்கின்ஸ் உரிமத்தில் டீசல் எஞ்சின் செய்துகொண்டிருந்தது. அதுவும் அமால்கமேஷன்ஸ் குழுமம்தான். குதிரைவண்டி கட்டியவர்களே குதிரைத்திறன் செய்ய வந்தது ஒரு அழகான பொருத்தம். டாஃபேயின் எம்.எஃப்.1035 இந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளை.

(ஒரு பின்குறிப்பு: மாஸ்ஸி ஃபெர்குசன் பெயர் பின்னாளில் அமெரிக்காவின் ஆக்கோ கம்பெனிக்குப் போனது. 2024ல் ஆக்கோவுக்கும் டாஃபேவுக்கும் பெரிய தகராறு வந்து, 2025 ஜூலையில் சமரசம் ஆனது. இந்தியா, நேபாளம், பூட்டானில் அந்தப் பெயர் இப்போது டாஃபேவுக்கே சொந்தம்.)

ஒரே எஞ்சின், பல எண்கள்

இனி விஷயத்துக்கு வருவோம். பெர்க்கின்ஸ் 152ன் போர் 3.6 அங்குலம், அதாவது 91.44 மி.மீ. ஸ்ட்ரோக் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. மூன்று சிலிண்டரும் சேர்ந்து சுமார் 2,500 சி.சி. இங்கிலாந்தில் எம்.எஃப்.35ல் இது சுமார் 37 எச்.பி. தந்தது. 1962ல் வந்த 35எக்ஸ் மாடலில் அதே 152 கன அங்குலம் 44 எச்.பி.யைத் தாண்டியது. பிளாக்கின் கொள்ளளவு மாறவில்லை, குதிரைகள் மட்டும் கூடின. "அப்போ நாமும் கூட்டலாம்" என்று நம்பிக்கை வருவது இங்கிருந்துதான்.

எஞ்சினின் சக்தியைக் கூட்ட அடிப்படையில் நான்கைந்து வழிகள்தான் உண்டு. ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. போரைப் பெரிதாக்குவது

அமெரிக்காவில் மிகப் பிரபலமான வழி. ஃபார்மால் எம் டிராக்டரின் போர் 3 7/8 அங்குலம், 248 கன அங்குலம். 1952ல் கம்பெனியே போரை 4 அங்குலமாக்கி சூப்பர் எம் என்று விட்டது, 264 கன அங்குலம். பழைய எம் வைத்திருந்தவர்கள் எஞ்சின் பிரிக்கும்போது பெரிய ஸ்லீவும் பிஸ்டனும் போட்டுக்கொண்டார்கள். இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஆங்கர் என்ற சிற்றூரில் இருந்த எம் அண்டு டபிள்யூ கம்பெனி, இந்த மாதிரி சக்தி கூட்டும் பிஸ்டன்களை விற்றே பெயர் வாங்கியது. ஃபெர்குசன் டி.இ.20லும் இதே கதை உண்டு. ஆரம்பத்தில் 80 மி.மீ. போர், 1,850 சி.சி. பிறகு 85 மி.மீ., 2,088 சி.சி. கிட்டத்தட்ட 13 சதவீதம் கூடுதல்.

நம் 152ல்? பட்டறையில் "ஓவர்சைஸ் போட்டா எச்.பி. ஏறும்" என்பார்கள். 40 தவு, அதாவது 0.040 அங்குலம் கூட்டினால் போர் 3.64 ஆகும். பரப்பளவு கூடுவது 2.2 சதவீதம். 35 எச்.பி. 35.8 ஆகும். அவ்வளவுதான்! தேய்ந்த போரைச் சரிசெய்யத்தான் ஓவர்சைஸ், சக்திக்காக இல்லை. லைனரையே மாற்றிப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டால் அந்த 2.2 சதவீதமும் கிடையாது.

2. கம்ப்ரெஷனைக் கூட்டுவது

பெட்ரோல், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய டிராக்டர்களுக்கு இது பொன்னான வழி. மண்ணெண்ணெய் சீக்கிரம் தட்டும் என்பதால் கம்ப்ரெஷனை ஐந்து மடங்கு அளவிலேயே வைத்திருந்தார்கள். மலைப்பகுதியில் காற்று மெலிந்திருக்கும் என்பதற்காக அமெரிக்கக் கம்பெனிகள் உயரப் பகுதிக்கான பிஸ்டன்களைத் தனியாக விற்றன. சமவெளி விவசாயிகள் அதை வாங்கிப் போட்டு, நல்ல பெட்ரோல் ஊற்றி, கூடுதல் சக்தி எடுத்தார்கள். பாடநூல் சூத்திரப்படி கம்ப்ரெஷன் 5லிருந்து 7க்குப் போனால் திறன் 14 சதவீதம் ஏறும்.

ஆனால் டீசல் எஞ்சின் ஏற்கெனவே 17 மடங்கை ஒட்டி அழுத்துகிறது. அதே சூத்திரத்தில் 17ஐ 19 ஆக்கினால் கிடைப்பது 2 சதவீதம். அதற்கு ஹெட்டைச் சீவப் போனால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலான மயிரிழை இடைவெளி போய்விடும். லாபம் 2 சதவீதம், ஆபத்து முழு எஞ்சின்.

மலை என்றதும் இன்னொன்று. கம்பம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், குமுளி சுமார் 900 மீட்டர். குமுளியில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் மலைக்கு ஏறும்போது அந்த அளவுக்கு மூச்சை விட்டுவிட்டுத்தான் ஏறும். "மேலே போனா வண்டி இழுக்கல" என்றால் எல்லாமே எஞ்சின் கோளாறு இல்லை.

3. வேகத்தைக் கூட்டுவது

சக்தி என்பது திருகுவிசையும் சுழற்சி வேகமும் பெருக்கினால் வருவது. கவர்னரை முறுக்கி 2,000 சுற்றை 2,250 ஆக்கினால் காகிதத்தில் 12.5 சதவீதம் கூடும். செலவே இல்லாத வழி, அதனால்தான் ஆசை காட்டும். ஆனால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் மேலும் கீழும் ஓடுவதால் வரும் விசை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 12.5 சதவீத வேகத்துக்கு 27 சதவீத விசை. அதைத் தாங்க வேண்டியது ஐம்பது வருஷம் வேலை செய்து களைத்த ராடு போல்ட். கம்பெனி வேகத்தைக் கூட்டினால் அதற்கேற்ற பாகங்களைச் சோதித்துப் பார்த்துச் செய்யும். நாம் ஸ்பேனரோடு நிறுத்திக்கொள்வோம்.

4. டீசலைக் கூட்டுவது

பம்ப்பில் ஸ்க்ரூவைத் திறந்துவிடுவது. நம் பக்கம் அதிகம் நடப்பது இதுதான். எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஒரு அளவு இருக்கிறது. அந்தக் காற்று எரிக்க முடிந்ததைவிட அதிகம் ஊற்றினால் மிச்சம் கரும்புகையாகப் போகும். கரும்புகை என்பது காசு கொடுத்து வாங்கி, வானத்தில் கொட்டிய டீசல். சிலிண்டர் சூடு ஏறும், எண்ணெய் கறுக்கும், பிஸ்டன் தலை வெடிக்கும்.

5. காற்றைக் கூட்டுவது

அதாவது டர்போ. 1960களில் அமெரிக்காவில் பழைய டிராக்டர்களுக்கு வெளியிலிருந்து டர்போ மாட்டும் பழக்கம் வந்தது. உண்மையிலேயே பெரிய அளவில் சக்தி ஏற்றும் ஒரே வழி இதுதான். ஆனால் டர்போவோடு பிறக்கும் பல எஞ்சின்களில் பிஸ்டனுக்குக் கீழே எண்ணெய் தெளித்துக் குளிரவைக்கும் ஏற்பாடு, பலமான பிஸ்டன், பெரிய ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தே வரும். டர்போ மட்டும் தனியாக வந்தால், புதுப்பெண் வந்த வீட்டில் அடுப்பே இல்லாத கதைதான்.

முதலினச் செலவா, வருவாயினச் செலவா?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு முதல் வருஷத்திலேயே வரும் பாடம் இது. ஒரு இயந்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செய்யும் செலவு வருவாயினச் செலவு. அதன் சம்பாதிக்கும் திறனையே கூட்டச் செய்யும் செலவு முதலினச் செலவு. பரீட்சையில் இரண்டு மார்க். டிராக்டர் எஞ்சின் விஷயத்தில் இதுதான் மொத்தக் குழப்பத்தின் சாவி.

எஞ்சின் வேலை முடிந்து வெளியே வந்ததும், "முன்னைக்கு இப்போ என்னமா இழுக்குது! எச்.பி. ஏறிடுச்சு" என்பார்கள். ஏறியது உண்மை. எதிலிருந்து ஏறியது என்பதுதான் கேள்வி. 35 எச்.பி.யாகப் பிறந்த எஞ்சின் ரிங் தேய்ந்து, வால்வு ஒழுகி, நாசில் சொட்டி, டைமிங் தள்ளி, ஏர் கிளீனரில் சேறு கட்டி வருஷக்கணக்கில் மெதுவாகத் தளர்ந்துபோயிருக்கும். தினமும் ஓட்டுபவருக்கு அந்தத் தளர்ச்சி தெரியாது. புதுப்பித்ததும் பழைய 35 திரும்பி வருகிறது. வந்திருப்பது தொலைந்துபோன குதிரை, புதிதாக வாங்கிய குதிரை இல்லை. புத்தகப்படி இது வருவாயினச் செலவு. அதை முதலினச் செலவு என்று சொல்லி விற்கும்போதுதான் விவசாயியின் பணம் வீணாகிறது.

எது எது என்று கண்டுபிடிக்க ஊரில் டைனமோமீட்டர் இல்லை. ஆனால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. இந்த வகை டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு சுமார் 250 கிராம் டீசல் எரிக்கும். 35 எச்.பி. என்பது 26 கிலோவாட். முழுச் சுமையில் மணிக்கு ஆறரை கிலோ, அதாவது எட்டு லிட்டரை ஒட்டி. 45 எச்.பி. ஏற்றிவிட்டேன் என்று யாராவது சொன்னால், அது முழுச் சுமையில் மணிக்குப் பத்து லிட்டர் குடித்தே ஆக வேண்டும். "எச்.பி. ஏறிடுச்சு, டீசலும் குறைஞ்சிடுச்சு" என்றால், தொலைந்தது திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். மனிதர்கள் மறக்கலாம், டீசல் டேங்க் மறக்காது.

அந்தக் கூடுதல் எச்.பி. யாருக்கு?

சரி, உண்மையிலேயே பத்து எச்.பி. கூட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அது மண்ணுக்குப் போய்ச் சேருமா?

எம்.எஃப்.35 மாதிரி வண்டி சுமார் ஒன்றரை டன். நல்ல மண்ணில் டிராக்டர் தன் எடையில் ஏறக்குறைய பாதியை இழுக்கும் என்று தாராளமாக எடுத்துக்கொள்வோம், 750 கிலோ. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் உழுதால், நொடிக்கு 1.11 மீட்டர். பெருக்கி 75ஆல் வகுத்தால் 11 எச்.பி.தான் கொக்கியில் வேலை செய்கிறது. கியரிலும் சக்கரம் வழுக்குவதிலும் போவதைச் சேர்த்தாலும் 20க்குள் அடங்கிவிடும். அதற்குமேல் எஞ்சினில் எத்தனை குதிரை இருந்தாலும் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. தொளி வயலில் இன்னும் மோசம். அதனால்தான் இரும்பு கேஜ் வீல் மாட்டுகிறோம். நிலத்தில் பிடிமானம் இல்லாதவனுக்கு பலம் இருந்து என்ன பயன்?

கூடுதல் எச்.பி. நிஜமாக வேலை செய்யும் இடம் ரோட்டவேட்டர். அங்கே சக்தி சக்கரம் வழியாகப் போகாமல் பி.டி.ஓ. தண்டு வழியாகக் கத்திகளுக்குப் போகிறது. ஏ.சி. ஹோவார்டு என்ற ஆஸ்திரேலியர் நூறு வருஷம் முன்பு உருவாக்கிய கருவி இது. ரோட்டவேட்டர் ஊருக்கு வந்த பிறகுதான் "எத்தனை எச்.பி.?" என்ற கேள்வி இவ்வளவு சூடாக ஆனது. ஒன்பது கொத்துக் கலப்பையோடு சந்தோஷமாக இருந்த 35க்கு ரோட்டவேட்டரை மாட்டியதும் மூச்சு வாங்குகிறது. அதற்குப் பரிகாரம் எஞ்சினை முறுக்குவது இல்லை. அகலம் குறைந்த ரோட்டவேட்டர் வாங்குவது, அல்லது ஒரு கியர் குறைத்து ஓட்டுவது.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். நம் பக்கம் வாடகை உழவுக்குப் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் கூலி. வண்டிக்காரர் பணம் போட்டு எஞ்சினைப் பலமாக்குகிறார். ஒரு மணி நேரத்தில் முன்னைவிட அதிக நிலம் உழுகிறார். கூலி அதே ஒரு மணி நேரக் கூலி. டீசல் மட்டும் எட்டு லிட்டருக்குப் பதில் பத்து லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது, முழுச் சுமையில் மணிக்கு 180 ரூபாய் அவர் கையிலிருந்து போகிறது. லாபம் வயல்காரருக்கு, செலவு வண்டிக்காரருக்கு! ஏக்கர் கணக்கில் கூலி பேசினால் கதை தலைகீழ். ஆகவே எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் கூலி பேசும் முறையை மாற்றுகிறீர்களா என்று யோசிக்க வேண்டும். இதைப் பட்டறையில் யாரும் சொல்லமாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை.

பின்பக்கத்தையும் மறக்கக் கூடாது. கிளட்ச், கியர் பெட்டி, கிரவுன்-பினியன் எல்லாம் 35க்காகச் செய்தவை. எஞ்சின் பலமானால் அடுத்துப் பலவீனமான இடம் உடையும். உடைவது எப்போதும் உழவு மும்முரத்தில்தான்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரமும் வண்டியும் வேறாக இருந்தால் விபத்து நேரத்தில் காப்பீட்டில் வில்லங்கம் வரலாம்.

பெரியாறு சொல்லும் பாடம்

பழைய இயந்திரத்திலிருந்து முறையாகக் கூடுதல் சக்தி எடுத்த உதாரணம் ஒன்று பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. லோயர் கேம்ப்பில் 1950களின் கடைசியில் ஓடத் தொடங்கிய பெரியாறு மின் நிலையம். நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 35 மெகாவாட், மொத்தம் 140. பிற்காலத்தில் புதுப்பித்தபோது 35ஐ 42 ஆக உயர்த்தினார்கள். அணையிலிருந்து விழும் உயரம் மாறவில்லை. இந்த மாதிரிப் புதுப்பித்தலில் தண்ணீர் மோதும் சக்கரத்தைப் புது வடிவத்தில் செய்வார்கள், ஜெனரேட்டர் கம்பிச் சுருளுக்கு அதிகச் சூடு தாங்கும் புது உறை போடுவார்கள். தண்ணீர் நுழைவது முதல் மின்சாரம் வெளியேறுவது வரை சங்கிலியின் எல்லாக் கண்ணியையும் சேர்த்துப் பலப்படுத்துவதுதான் முறை. ஒரு ஸ்க்ரூவைத் திருகி யாரும் 42 எடுப்பதில்லை.

இங்கிலாந்தில் 35எக்ஸ் செய்தவர்களும் அப்படித்தான். தொழிற்சாலை சக்தியைக் கூட்டும்போது முழு வண்டியையும் சோதிக்கும். நாம் கூட்டும்போது எஞ்சினை மட்டும் பார்க்கிறோம்.

கடைசியாக

உங்கள் வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒரு பழைய 1035 நிற்கிறதென்றால், என் கணக்கில் செலவின் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் ஏர் கிளீனர், நாசில், பம்ப் காலிப்ரேஷன், வால்வு இடைவெளி. பாதிக் குதிரைகள் இங்கேயே கட்டிக் கிடக்கும், எஞ்சினைப் பிரிக்கவே வேண்டியிருக்காது. அதற்கும் அடங்கவில்லை என்றால் லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் கம்பெனி அளவுக்கே போட்டு முழு எஞ்சின் வேலை. அதன் பிறகும் 45 எச்.பி. வேண்டும் என்றால், 45 எச்.பி. டிராக்டரைத்தான் வாங்க வேண்டும். பழையது டிரெய்லர் இழுக்கட்டும், தென்னந்தோப்பு உழட்டும், பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்ப்பைச் சுற்றட்டும். அதற்கெல்லாம் அந்த 35 தாராளம்.

ஒரு வேடிக்கை. இன்று புது டிராக்டர்களில் எச்.பி.யைக் குறைத்துக் காட்டும் போட்டி நடக்கிறது! 2023 ஜனவரி முதல் 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்தது. அந்த எஞ்சின்களுக்கு விலையும் ஏறியது. 49, 49.5 என்று முடியும் மாடல்கள் கடையில் அதிகம் தெரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஜேம்ஸ் வாட் காலத்திலிருந்து இன்று வரை, எச்.பி. என்பது பாதி இயற்பியல், பாதி வியாபாரம்.

உங்கள் ஊரில் பழைய டிராக்டர் நின்றால், துருப்பிடித்து எழுத்து அழிவதற்குள் அதன் எஞ்சின் தகட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாடல், வருஷம், எண் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த வண்டியை நாளைக்கு யாராவது ஒழுங்காகப் புதுப்பிக்க நினைத்தால், முதலில் தேடுவது அதைத்தான்.